என் பெயரில் கட்டிய வீடுகள்

ஜனவரி 6

சிமெண்ட் கடைக்காரர் புது வருஷத்துக்கு இரண்டு டைரி கொடுத்தனுப்பினார். ஒன்று என் வீட்டுக்காரர் வேதரெத்தினத்துக்கு, இன்னொன்று அவர் தம்பி குணசீலனுக்கு. கம்பெனி என் பெயரில் இருப்பதால் எனக்கு ஒரு காலண்டர். குணசீலனுக்கும் எழுத்துக்கும் ஏழாம் பொருத்தம். கேட்டவுடன் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

புயல் வந்து போனதிலிருந்து இந்த வீட்டில் நடக்கும் கூத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. யாரிடம் சொல்வது? எழுதித் தொலைக்கிறேன்.

முதலில் கம்பெனி கதை. இவர் ஒன்றிய ஆபீசில் ஓவர்சியர். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் கான்ட்ராக்ட் எடுக்கக் கூடாது. அதனால் லைசென்ஸ் என் பெயரில். பாலிடெக்னிக்கில் சிவில் படித்த சான்றிதழ் என்னுடையது. சொத்து காட்டு என்றபோது காட்டிய தென்னந்தோப்பு என் அப்பா கொடுத்தது. போர்டில் இருக்கும் 'ஸ்ரீ தையல்நாயகி கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்' நான்தான். வேலை முழுக்க குணசீலன் பார்க்கிறான். என் பங்கு கையெழுத்து. இந்தப் பக்கத்துக் கான்ட்ராக்டர்களில் பாதிப் பேர் இப்படித்தான், யாரோ ஒருவருடைய பெண்டாட்டி. கல்யாண வீட்டில் நாங்கள் நாலைந்து முதலாளியம்மாக்கள் சேர்ந்து உட்கார்ந்தால் ஜாக்கெட் தைக்கிற கூலியைப் பற்றிப் பேசிக்கொள்வோம்.

ஜனவரி 15

பொங்கல். தோப்பில் ஒரு மரம்கூட நிற்கவில்லை. தோப்புக்காரி நான் கடையில் தேங்காய் வாங்கிப் பொங்கல் வைத்தேன்.

உப்பளத்தை ஒட்டிய சேத்தியன்காட்டு ஜனங்கள் இன்னும் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் அரசாங்கம் தளம் போட்ட வீடு கட்டித் தரப் போகிறதாம். குணசீலன் சர்க்கரைப் பொங்கலை விரலால் வழித்து நக்கிக்கொண்டே சொன்னான்: "புயலு நமக்கு நல்லதுதாண்ணே செஞ்சிட்டுப் போயிருக்கு."

"சும்மா தின்னுடா" என்றார் இவர். ஆனால் சிரித்தார். சாப்பிட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து கட்டுக்கம்பித் துண்டு ஒன்றை எடுத்துப் பல் குத்தினார். துருப்பிடித்த கம்பி.

ஜனவரி 30

சேத்தியன்காட்டு வீடுகளைக் கட்டும் ஆர்டர் எங்களுக்கே வந்துவிட்டது. கூடவே கடலோர வீடுகளுக்குப் புது விதி. வீட்டின் நாலு மூலையிலும் பில்லர் வேண்டும். அதற்குள் போகும் கம்பி அஸ்திவாரத்திலிருந்து தளம் வரை அறுபடாமல் ஓட வேண்டும். ஜன்னல் கதவுக்கு மேல் சுவரைச் சுற்றி ஒரு கான்கிரீட் பட்டை. கடல் மணல் கூடாது. உப்புத் தண்ணீர் கூடாது. பதிவு பெற்ற கான்ட்ராக்டர்தான் கட்டலாம்.

படித்துப் பார்த்தேன். ஒழுங்கான விதிதான். பெட்டி மூடி மாதிரி தளம் சுவர் மேல் சும்மா உட்காரக் கூடாது, கம்பி இழுத்துப் பிடிக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் இதைச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் பெயர்கூட மறந்துவிட்டது. பாடம் மறக்கவில்லை.

இருபது வருஷமாக வீடு கட்டுகிற கொத்தனார்களுக்கு லைசென்ஸ் இல்லை. வீடே கட்டாத எனக்கு இருக்கிறது. காலையில் நாலைந்து பேர் வேலை கேட்டு வாசலில் வந்து நின்றார்கள். குணசீலன் அவர்களை மாடு பிடிக்க வந்தவன் மாதிரி மேலும் கீழும் பார்த்தான். நான் உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 11

சேத்தியன்காட்டில் பூமி பூஜை. நானும் வர வேண்டும் என்றார்கள், பேப்பர்காரர்கள் வருகிறார்களாம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உப்பளத்து வெயிலில் நின்றேன். வியர்வையில் ஜரிகை முதுகை அறுத்தது.

முதல் வீடு சம்பூரணம் என்பவளுக்கு. உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். காலெல்லாம் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. அவள் புருஷன் கண்ணையன் புயலுக்கு முன்பே பனைமரம் வெட்டப் போய் இடுப்பில் அடிபட்டுப் படுத்த படுக்கை. தார்ப்பாய்க்குள் கட்டிலில் கிடந்தபடியே கும்பிட்டார்.

"தளம் போட்ட வூடும்மா" என்றாள் சம்பூரணம், என் கையைப் பிடித்துக்கொண்டு. "போன தடவ இவரப் பலகையில கட்டித் தூக்கிட்டு ஓடுனோம். இனிமே ஓட வேணாமுல்ல?"

"வேணாம்" என்றேன்.

பில்லருக்காக முழு உயரத்துக்குக் கட்டின கம்பிக்கூட்டைப் பள்ளத்தில் நிறுத்தி, பக்கத்தில் என்னையும் சம்பூரணத்தையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். குணசீலன் செல்போனிலும் எடுத்தான், அது ஆபீசுக்கு அனுப்புவதற்கு. பிறகு ஆட்கள் அந்தக் கூட்டைப் பிடுங்கி டிராக்டரில் ஏற்றினார்கள். எதற்கென்று கேட்கவில்லை. தலைவலி.

பிப்ரவரி 12

பேப்பரில் படம். 'புயல் வீடுகளைக் கட்டும் பெண்மணி.' புடவை நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

மார்ச் 18

சாப்பாட்டு மேசையில் பில்லுக்குக் கையெழுத்து. கட்டியவர் என்ற இடத்தில் நான் போடுகிறேன். அப்படியே இடது பக்கம் தள்ளினால், சரிபார்த்தவர் என்ற இடத்தில் இவர் போடுகிறார். ஒரே பேனா. நடுவில் ஒரு தாளில் வத்தக்குழம்பு சிந்திவிட்டது. இவர் விரலால் துடைத்து அந்த விரலைச் சூப்பினார்.

இந்த மனுஷரோடு பதினெட்டு வருஷம்.

ஏப்ரல் 22

சம்பூரணம் வந்தாள். ஒரு பொட்டலம் நிறையக் கருவாடு. வீடு கட்டித் தருகிறவர்களுக்கு வெறும் கையோடு வரக் கூடாதாம். தெருவே நாறியது. வாசலிலேயே வாங்கிக்கொண்டு, பின்கட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

"கெணத்துத் தண்ணியத்தாம்மா செவுத்துக்கு அடிக்கிறாக" என்றாள். "வாயில வச்சா கரிக்கிது. பரவாயில்லயா?"

"அதெல்லாம் பாத்துப்பாங்க" என்றேன்.

புயலன்று கடல் உள்ளே வந்ததிலிருந்து அந்தக் கிணறு உப்பு. எனக்குத் தெரியும். குணசீலனிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். இரவு அவன் வந்தபோது என் புது ஃபிரிட்ஜை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். இறக்கிவைக்கும் அமர்க்களத்தில் மறந்துவிட்டது.

மத்தியானம் அந்தக் கருவாட்டைத்தான் குழம்பு வைத்தேன். நன்றாக இருந்தது.

மே 27

சம்பூரணம் வீட்டில் பால் காய்ச்சினார்கள். அந்தத் தெருவில் முடிந்த முதல் வீடு. மற்றதெல்லாம் பாதியில் நிற்கிறது. ரோஸ் கலர் சுண்ணாம்பு. மொட்டை மாடியில் நாலு மூலையிலும் பில்லர் கம்பி ஆள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் மாடி எடுக்கலாம் என்று எல்லார் வீட்டிலும் விடுவதுதான். ஜனங்கள் வீட்டின் பலத்தை அதைப் பார்த்துத்தான் எடைபோடுவார்கள். சம்பூரணமும் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தாள்.

கண்ணையனைக் கட்டிலோடு உள்ளே தூக்கிப் போனார்கள். தளத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். "அண்ணாந்தா மானம் தெரியல" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்தார்கள். சர்க்கரை அதிகம்.

ஜூலை 8

இன்று காலை சம்பூரணம் மறுபடி வந்தாள். கையில் ஒரு கம்பி. முழங்கை நீளத்துக்குச் சிமெண்ட் ஒட்டியிருந்தது.

"மாடியில கொடி கட்டி சேல காயப்போட்டேம்மா. காத்து இழுத்த இழுப்புல கையோட வந்துட்டு. ஒங்க சாமான் பாத்தியளா, நாளைக்கு நாங்கதான் பேத்து வித்துப்புட்டோமுன்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல? அதான் கொண்டாந்தேன். ஆள அனுப்பி நட்டுக் குடுத்துடச் சொல்லுங்க."

கம்பியைச் சுவரில் சாத்திவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். என்ன பேசினோம் என்று ஞாபகம் இல்லை. சொல்லி அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அஸ்திவாரத்திலிருந்து வருகிற கம்பியைப் பத்து பேர் சேர்ந்து இழுத்தாலும் பிடுங்க முடியாது.

ஜூலை 9

கம்பியைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

ஜூலை 17

கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு சேத்தியன்காட்டுக்கு ஸ்கூட்டரில் போனேன். சம்பூரணம் உப்பளத்துக்குப் போயிருந்தாள். கண்ணையன் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு வேலைக்காக வைத்திருந்த ஏணியில் ஏறினேன்.

இரண்டாவது மூலைக் கம்பியை ஆட்டி இழுத்தேன். வந்துவிட்டது. மூன்றாவதும் வந்தது. நாலாவது வரவில்லை. ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இன்னும் இரண்டு ஆட்டு ஆட்டினேன். அதுவும் வந்தது. எல்லாவற்றையும் இருந்த குழியிலேயே திரும்பச் செருகிவிட்டுக் கீழே இறங்கினேன்.

பின்பக்கப் பில்லரில் ஒரு இடத்தைக் கொத்திப் பார்த்தேன். பூச்சுக்கு உள்ளே உடைத்த செங்கல், சுண்ணாம்பு மாதிரி உதிர்கிற கலவை. கிளிஞ்சல் துண்டுகூட இருந்தது. கம்பி இல்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, எங்கேயும் இல்லை. விதியில் சொன்ன சுற்றுப்பட்டையும் வாசல் பக்கம் மட்டும்தான் இருக்கிறது, போட்டோவில் விழுகிற பக்கம்.

உள்ளே கண்ணையன் இருமினார். அவசரமாக அங்கே கிடந்த கலவையைக் குழைத்து, கொத்தின இடத்தை மூடி, கையாலேயே மழுப்பிவிட்டு வந்தேன். நகக்கண்ணில் சிமெண்ட் இன்னும் போகவில்லை.

ஜூலை 18

கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பில்லருக்குள்ள கம்பி எங்க குணா?"

"போட்டோவுல இருக்கே, பாக்கலயா அண்ணி?" என்று சிரித்தான். மறைக்கக்கூட இல்லை. பெருமையாகவே சொன்னான். முழுசாகக் கட்டின கம்பிக்கூடு மொத்தமே ஒரு வீட்டுக்குத்தான். அதை வீட்டுக்கு வீடு தூக்கிப்போய் நிறுத்தி, வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுப்பது, பிடுங்கி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவது. மேலே தெரிகிற துண்டுக் கம்பி கடைசியில் நடுவது. "சனங்களுக்கும் சந்தோசம், ஆபீசுக்கும் சந்தோசம்."

"புயல் வந்தா?"

இவர் மோரை உறிஞ்சினார். "காத்து என்ன, லைசென்ஸ் பாத்துட்டா வீசுது? அந்த மாதிரி புயலு நம்ம ஆயுசுல இனி வராது தையலு."

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வந்தா கவர்மெண்டு மறுபடியும் கட்டிக் குடுக்கும்."

"அதயும் நம்மளே எடுத்துக்கலாம்" என்றான் குணசீலன்.

சோற்றில் கை வைத்தபடி இரண்டு பேரும் சிரித்தார்கள். தட்டைத் தூக்கி எறிய வேண்டும் என்று கை பரபரத்தது. எறியவில்லை. இவர் கை கழுவி வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "யார்கிட்டயாவது போயி நீட்டி மொழக்கணுமுன்னு நெனச்சியன்னா ஒன்னு ஞாபகம் வச்சிக்க. கட்டுனது தையல்நாயகி. மொதல்ல ஒன்னத்தான் புடிப்பான்."

பன்றி என்று எழுதினால் பன்றி கோபித்துக்கொள்ளும்.

ஆகஸ்ட் 3

அடுத்த தெரு வீடுகளுக்குக் கையெழுத்து. பேனா எழுதவில்லை என்றேன். இவர் சட்டைப் பையிலிருந்து வேறு பேனா எடுத்துக் கொடுத்தார்.

போட்டேன்.

ஆகஸ்ட் 20

ஆள் அனுப்பிக் கம்பிகளைச் சிமெண்ட் வைத்து இறுக்கிவிட்டார்களாம். சம்பூரணம் போன் பண்ணி நன்றி சொன்னாள். நன்றி! எனக்கு வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அக்டோபர் 19

மழை தொடங்கிவிட்டது. செய்தியில் வானிலை வரும்போதெல்லாம் இவர் சேனலை மாற்றிவிடுகிறார். நான் பார்க்கிறேன் என்பதற்காக இல்லை. அவருக்குப் பாட்டு வேண்டுமாம்.

நவம்பர் 24

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம். தீவிரமாகும் என்கிறார்கள். நம் கரையைத்தான் காட்டுகிறது அந்த அம்புக்குறி.

நவம்பர் 26

இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் தாழ்வான இடத்தில் இருக்கிற எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லித் தண்டோரா போட்டார்கள். மத்தியானம் சம்பூரணத்துக்குப் போன் பண்ணினேன், கிளம்பிவிட்டாளா என்று கேட்க.

"நாங்க எதுக்கும்மா போவணும்? நீங்க கட்டிக் குடுத்த வூடு இருக்கே. கொட்டாயில கெடக்குறவக எல்லாத்தையும் இங்கயே வரச் சொல்லிட்டேன். பிள்ளைங்க, கெழடுக எல்லாம் வந்துட்டு. ஒல வச்சிருக்கேன்."

போனை வைத்துவிட்டு இவரிடம் ஓடினேன். ஜீப் அனுப்பி அவர்களை வெளியேற்றுங்கள், ஏதாவது காரணம் சொல்லுங்கள் என்றேன். "தளம் போட்ட வூட்டுலேருந்து ஆளக் காலி பண்ணச் சொன்னா ஏன்னு கேப்பானுவ" என்று சொல்லிவிட்டு ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். ஜனங்களைக் காப்பாற்றுகிற டூட்டி அவருக்கு.

மழையில் ஸ்கூட்டரை எடுத்தேன். உப்பளத்து ரோட்டில் இரண்டு இடத்தில் வண்டி சறுக்கியது. போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டுக்குள் கால் வைக்க இடம் இல்லை. கட்டிலில் கண்ணையன், கீழே பாய் முழுக்கப் பிள்ளைகள். அடுப்பில் கஞ்சி கொதித்தது. ஆடு ஒன்றைக்கூட உள்ளே கட்டியிருந்தார்கள்.

"எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. "இவரத் தூக்கிட்டு இந்த மழையில எப்புடிம்மா போறது?" என்றாள் சம்பூரணம். "அங்க ஒழுவுது. இங்க சொட்டுத் தண்ணி எறங்கல பாருங்க."

கடல் தண்ணீர் வரும் என்றேன். வந்தால் மாடியில் ஏறிக்கொள்கிறோம் என்றார்கள். அரசாங்க உத்தரவு என்றேன். ஒரு கிழவர், "எங்க வூட்டுலேருந்து எங்கள வெரட்ட இன்னொரு உத்தரவா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னை நம்பிச் சிரித்தார்கள். அந்த அம்மா பயந்துவிட்டது, நல்ல மனசு, இந்த மழையில் வந்திருக்கிறது என்று ஒருத்தி எனக்குத் துவட்டத் துண்டு கொடுத்தாள்.

அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். "பில்லர்ல கம்பி இல்ல."

"எந்தப் பில்லருல?"

"எதுலயும் இல்ல. மேல நிக்கிறது சும்மா செருகுன துண்டு. உள்ள செங்கல்லும் கடல் மணலும். பெருங்காத்து வந்தா இந்தத் தளம் உங்க மேல எறங்கும்."

சம்பூரணம் என்னையே பார்த்தாள்.

"நீங்கதானம்மா கட்டுனிய?"

"நான்தான்."

அவள் திரும்பி அடுப்பை அணைத்தாள். கண்ணையனைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கினார்கள். மேலே தார்ப்பாயைப் போர்த்தினார்கள். நானும் கட்டிலின் ஒரு காலைப் பிடிக்கப் போனேன். "நீங்க வுடுங்க" என்று சம்பூரணம் என் கையைத் தட்டிவிட்டாள்.

நவம்பர் 27

புயல் வரவில்லை. விடியும் முன்பே திசை மாறி, வடக்கே எங்கோ தொலைவில், அதுவும் வலுவிழந்து கரை ஏறிவிட்டதாம். இங்கே வெறும் மழை. ஒரு வாழைமரம்கூட விழவில்லை.

வீடு நிற்கிறது. ரோஸ் கலரில், குளித்துவிட்டு நிற்கிற மாதிரி பளபளவென்று நிற்கிறதாம்.

இதையும் எழுதிவிடுகிறேன். செய்தி கேட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆளில்லாத வீடுதானே, விழுந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். என்ன ஜென்மம் நான்.

நவம்பர் 30

இவர் என்னோடு பேசுவதில்லை. குணசீலன் ஊரெல்லாம் அண்ணிக்கு மனசு சரியில்லை, மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். பக்கத்து வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தி, "தூக்கம் வருதா?" என்று விசாரித்துவிட்டுப் போகிறாள்.

சம்பூரணம் வீட்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்து மேலே அனுப்பியிருக்கிறார்கள், 'புயல் மழையிலும் அசையாத வீடு' என்று. அடுத்த கட்டத்து வேலையும் எங்களுக்கே கிடைக்கும் போலிருக்கிறது. ஆபீசில் இவருக்குச் சால்வை போட்டார்கள். அதை நாற்காலியில் விரித்து அதன் மேல் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார். நகம் தெறித்து என் காலடியில் வந்து விழுகிறது.

மழையில் நனைந்ததில் கண்ணையனுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

டிசம்பர் 4

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணையனுக்கு ஜுரம் இறங்கிவிட்டது. நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்கு என்றால் அந்த வீட்டுக்குத்தான்.

சம்பூரணம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து போகவில்லை, அவ்வளவுதான்.

"மெய்யாலுமே கம்பி இல்லயா?" என்றாள். "தெருவுல எல்லாம் ஒங்களுக்குப் புத்தி பெரண்டுட்டுன்னு சொல்றாக."

"மெய்தான். புகார் குடுங்க. கலெக்டர் ஆபீசுல திங்கக்கிழமை மனு வாங்குறாங்க. நானும் கூட வர்றேன்."

அவளை 'நீங்க' என்று கூப்பிட்டது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவள் கவனிக்கவில்லை.

"புகார் குடுத்தா வந்து பாப்பாக. சரியில்லன்னு சீல் வப்பாக. இடிப்பாக. அப்புறம் இவர எங்க கெடத்துவேன்? ஒருக்கா வூடு குடுத்தாச்சுன்னு எழுதிட்டாக, இன்னொருக்கா யாரு குடுப்பா?"

இடிக்க வேண்டாம், நாலு மூலையிலும் பழைய பில்லரை ஒட்டி முழுக் கம்பியோடு புதுப் பில்லர் எழுப்பலாம், சுற்றிலும் பட்டை போட்டுத் தளத்தைப் பிடித்துவிடலாம், கட்டியவர் செலவிலேயே செய்ய உத்தரவு போட முடியும், என் தோப்பு அதற்குத்தானே ஜாமீனாக நிற்கிறது என்று சொன்னேன். தரையில் விரலால் வரைந்துகூடக் காட்டினேன்.

முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பூமி பூச அன்னைக்கும் இப்புடித்தான் நல்லா சொன்னிய. இனிமே ஓட வேணாமுன்னிய."

வரைந்த விரலை மடக்கிக்கொண்டேன்.

"நான் எந்தத் தாளுலயும் கைநாட்டு வக்க மாட்டேன். எனக்கு வூடு வேணும்" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எல்லார் மேலும் வந்து தீர்ந்து, இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள்தான்.

டிசம்பர் 8

மனு எழுதினேன். என் லைசென்சில் கட்டின எல்லா வீடுகளையும் வெளி ஊர் இன்ஜினியரை வைத்துச் சோதிக்க வேண்டும். பலப்படுத்தும் செலவைத் தோப்பை விற்று எடுத்துக்கொள்ள வேண்டும். யாரையும் வீட்டை விட்டு நிரந்தரமாக வெளியேற்றக் கூடாது. லைசென்சை ரத்து செய்ய வேண்டும். இவருடைய கையெழுத்து எங்கெங்கே இருக்கிறது என்பதையும் எழுதினேன். முதலில் என்னுடையது.

இவர் படித்துவிடுவார் என்று ஒளித்து வைக்கவில்லை. மேசை மேலேயே வைத்தேன். இவர் அதை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தட்டை வைத்துச் சாப்பிட்டார். நான் எழுதுவதையெல்லாம் அவர் எப்போது படித்திருக்கிறார்?

டிசம்பர் 9

திங்கட்கிழமை. காலை பஸ்ஸில் போனேன். கலெக்டர் ஆபீசில் வரிசை கேட் வரைக்கும் நின்றது. பட்டா கேட்டு, பென்ஷன் கேட்டு, வீடு கேட்டு. எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கும் போன புயலில் வீடு போயிருந்ததாம். "ஒங்களுக்கும் வீடா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மனுவைப் பதிகிற மேசையில் ஒரு இளைஞர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

"மனு குடுக்கிறவங்க பேரு?"

"வே. தையல்நாயகி."

தட்டினார். "நீங்க பாதிக்கப்பட்டவங்களா?"

"இல்ல."

"அவங்க வரலயா?"

"வரமாட்டாங்க."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. சரி, அதை அப்புறம் பார்க்கலாம் என்கிற மாதிரி அடுத்த கட்டத்துக்குப் போனார்.

"புகார் யாரு மேல?"

"தையல்நாயகி."

"அம்மா, உங்க பேர எழுதிட்டேன். யாரு மேல புகாருன்னு கேக்குறேன்."

"அதான் சொல்றேன். தையல்நாயகி கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ், உரிமையாளர் வே. தையல்நாயகி."

அவர் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார், என் புடவையை, வளையலை, கையிலிருந்த மனுவை. "வீட்ல யாராச்சும் கூட வந்திருக்காங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். குரலில் நிஜமான இரக்கம்.

யாரும் வரவில்லை என்றேன். நான் படித்தது சிவில், லைசென்ஸ் என்னுடையது, அந்த வீடுகளில் கம்பி இல்லை, அதில் ஆட்கள் படுத்திருக்கிறார்கள் என்றேன். எழுதுங்கள் என்றேன்.

அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் தோளைக் குலுக்கினார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, என் பெயரை இரண்டாவது முறையாகத் தட்டத் தொடங்கினார்.